8 ஜிபியா 32 ஜிபியா, முக்கூடல் அக்காவுக்குச் சொன்ன பதில்

போன சனிக்கிழமை முக்கூடல்ல இருந்து ஒரு அக்கா மகனக் கூட்டிக்கிட்டு பாளையங்கோட்டையில என் ரூமுக்கு வந்தாவ, வீட்டுக்காரரும் வந்திருந்தாரு, ஆனா அவரு உள்ள வராம வாசப்படியிலயே நின்னுட்டாரு. பையனுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிப்பு, கிடைச்சிருக்கு. சந்தோசமா வரவேண்டிய நேரம்லா? அக்கா கையில ஒரு துண்டுப் பேப்பர். சென்னையில இருக்க கொழுந்தன் எழுதிக் குடுத்தது. கேமிங் லேப்டாப், 32 ஜிபி ராம், விலை 1,15,000, தவணையில. "இது இல்லன்னா பையன் பின்தங்கிருவான்னு சொல்லுதாரு சார், கழுத்துல கிடக்கத வச்சிரட்டுமா?"ன்னு கேட்டாவ.

நானும் எப்பவும்போல பயப்படாதீங்க அக்கா பாத்துக்கிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். செயின்ன உடனே எனக்கு பொறுமை போயிட்டு. வைக்காதீங்க. ராமுக்காக ஒரு குண்டுமணி தங்கம்கூட அடகுக்குப் போகக்கூடாது, அத மொதல்லயே சொல்லிட்டேன், உங்களுக்கும் அதேதான்.

கொழுந்தன் இன்னொன்னும் சொல்லியிருக்காரு, ஈசிஇ எல்லாம் பழசு, மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏஐ டேட்டா சயின்ஸ் மாத்திருங்கன்னு. பையன்கிட்ட கேட்டேன், குனிஞ்ச தலை நிமிராம "எனக்கு சர்க்யூட் போர்டுதான் சார் பிடிக்கும்"ன்னான். அக்காதான் சொன்னாவ, தெருவுல யாரு வீட்டு மிக்சி நின்னாலும் இவன்தான் பிரிச்சு மாட்டுவானாம். அப்புறம் என்ன பேச்சு இருக்கு? கிடைச்ச சீட்ட விட்டுட்டு காசு குடுத்து பிடிக்காதத படிக்க வைக்கணுமா? ஏஐ ஆசை அவனுக்கே பின்னால வந்துதுன்னா கூகிள் கோலாப்னு ஒண்ணு இருக்கு, பிரவுசர்ல திறந்து பைத்தான் எழுதுனா வேலை பூரா கூகிள் மெஷின்லதான் ஓடும், நம்ம வீட்டு ராம் அதுக்கு கணக்கே இல்ல. வீட்டுலயே பெரிய ஏஐ மாடல ட்ரெயின் பண்ணணும்னா மொதல்ல இடிக்கப்போறது கிராபிக்ஸ் கார்டுல உள்ள மெமரி, அது வேற, இது வேற.

சரி, ராம்னா என்ன. அக்கா பீடி சுத்துறவங்க, ஒரு நாளைக்கு 1000 பீடி, கட்டுக்கு 25ன்னா 40 கட்டு. அவங்ககிட்டயே கேட்டேன், மடியில இருக்க தட்டு சின்னதா இருந்தா என்ன ஆகும்னு. "வெட்டின இலையும் தூளும் வைக்க இடம் இல்லாம அடிக்கடி எந்திச்சு உள்ள போகணும்"ன்னாவ. அதுதான் ராம். உள்ள மூலையில அடுக்கி வச்சிருக்க இலைக்கட்டு இருக்குல்லா, அதுதான் எஸ்எஸ்டி, 256 ஜிபி 512 ஜிபின்னு கடையில பெருசா சொல்லுவாங்களே அது. ராம் பத்தலன்னா விண்டோஸ் கொஞ்சத்த தூக்கி எஸ்எஸ்டியில வைக்கும், வேணும்னா திரும்ப எடுக்கும், அதான் இழுவை. ஆனா தட்ட முற்றம் அளவுக்கு பெருசாக்கினா 1000 பீடி 2000 ஆயிருமா? விரல் அதே விரல்தானே. 32 ஜிபியும் அப்படித்தான், நிரப்புற அளவுக்கு வேலை இல்லன்னா சும்மா கிடக்கும்.

இப்ப பையன் வேலையப் பாப்போம். மொத வருசம் சி, பைத்தான், நாலஞ்சு பிரவுசர் டேப், வேர்டு, பிடிஎஃப். அதுக்கு 8 ஜிபி போதும். அரசாங்கம் 2026 ஜனவரியில காலேஜ் பிள்ளைகளுக்கு குடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்லயும் 8 ஜிபிதான். சர்க்யூட் வேலைக்குப் போடுற ஆர்டுயினோ, கைகேட், எல்டிஸ்பைஸ் சாஃப்ட்வேர் எல்லாம் லேசானது. கணக்கு போடுற சாஃப்ட்வேர் மேட்லாப்புக்கு அத விக்குறவங்களே கேக்குறது குறைஞ்சது 8, 16 இருந்தா நல்லதும்பாங்க. மூணாவது வருசம் எஃப்பிஜிஏ (நம்மளே உள்ள சர்க்யூட்ட மாத்தி அமைக்குற சிப்) பக்கம் போயி அதுக்கான விவாடோ சாஃப்ட்வேர் போட்டான்னா அப்ப 16 வேணும், அதவிட எஸ்எஸ்டியில இடம்தான் பயங்கரமா தின்னும். (பி.காம் பிள்ளைகளுக்கு 8க்கு மேல யோசிக்கவே வேண்டாம். வீடியோ எடிட்டிங், 3டி, ஆர்க்கிடெக்சர்னா கதை வேற, 16ல இருந்து பேசணும்.) 4 ஜிபி மட்டும் யாரு சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, விண்டோஸ் 11 ஓடுறதுக்கே குறைஞ்சபட்சம் அது, நீங்க எங்க உக்காருவீங்க?

அதனால நான் எத்தன ஜிபிங்குற நம்பர கேக்க மாட்டேன், ராம் மாட்டுற ஸ்லாட்டு காலியா இருக்கான்னுதான் கேப்பேன். இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப் நிறைய ராம போர்டுலயே ஒட்டி அனுப்புதாங்க. வாங்குன அன்னைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். என் அக்கா மகளுக்கு நானே அப்படி ஒட்டின 8 ஜிபி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு இன்னும் ஏச்சு வாங்குதேன். ஒட்டினதுதான் கிடைக்கும்னா 16க்கு கீழ தொடாதீங்க. ஸ்லாட்டு உண்டும்னா 8 போதும், ராம ஒரே குச்சியா போட்டு இன்னொரு ஸ்லாட்ட காலியா விடச்சொல்லுங்க, 4ம் 4ம் போட்டு ரெண்டையும் அடைச்சிட்டா பின்னால ஒண்ணக் கழட்டி எறியணும்.

நம்ம பக்கம் யாரும் மதிக்காத வழி ஒண்ணு இருக்கு, பழைய கம்பெனி லேப்டாப். ஐடி கம்பெனிக மூணு நாலு வருசம் வச்சிட்டு மொத்தமா கழிக்கும், அத சுத்தம் பண்ணி வாரண்டியோட விக்குற கடை வண்ணாரப்பேட்டை பக்கம் பாத்தாலே கிடைக்கும். "செகண்ட் ஹேண்டா"ன்னு அக்கா மூஞ்சி சுருங்கிட்டு. பழசுதான், ஆனா கட்டுமானம் வேற. டெல் லாட்டிட்யூட் 5400, ஹெச்பி எலைட்புக் 840 ஜி6 ரெண்டுலயும் ரெண்டு ராம் ஸ்லாட்டு. அடி மூடி ஸ்க்ரூ கழண்டு கீழ விழாது, மூடியோடயே நிக்கும். திங்க்பேட் டி490னா ஒரு பங்கு ஒட்டினது, ஒரு ஸ்லாட்டு, அதுவும் பரவால்ல. எக்ஸ்1 கார்பன் பாக்க அழகா இருக்கும், பூரா ஒட்டினது, விட்டுருங்க.

கடையில பையனே உக்காந்து பாக்கணும். இன்டெல் ப்ராசசர் பேருல ஐ5ங்குறதுக்குப் பின்னாடி வர்ற நம்பர் 8ல ஆரம்பிச்சா எட்டாவது தலைமுறை, 10ன்னா பத்தாவது, ரெண்டும் சரி. 6, 7ன்னா எந்திச்சு வந்துருங்க, விண்டோஸ் 11 அத முறையா ஏத்துக்கிடாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிட்டு, கடைக்காரரு ஏதாவது குறுக்கு வழியில 11 போட்டு வச்சிருப்பாரு. அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ்ல மெமரி. எத்தன ஸ்லாட்டுல எத்தன ஓடுதுன்னு அங்கனயே போட்டிருக்கும், "ரோ ஆஃப் சிப்ஸ்"னு இருந்தா ஒட்டினதுன்னு அர்த்தம். ஒருதரம் ஆஃப் பண்ணி பயாஸ், அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னால உள்ள செட்டிங் பக்கம், அது உள்ள போயி பாருங்க, பாஸ்வேர்டு கேட்டா பழைய கம்பெனி பூட்டு இன்னும் கழறலன்னு அர்த்தம், வேண்டாம். விண்டோஸ புதுசா போட்டு இன்டர்நெட் குடுத்த உடனே ஏதோ கம்பெனி பேரு வந்து நின்னாலும் அதே கதைதான்.

பின்னால இந்த மெஷினுக்கு குச்சி வாங்கும்போது ராம் வகை டிடிஆர்4னு கேட்டு வாங்கணும், டிடிஆர்5ல வெட்டு வேற இடத்துல இருக்கும், நுழையவே நுழையாது. ரெண்டு குச்சி ஆயிட்டா ஒரு லாபமும் உண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு படம் காட்டுறதும் இதே ராம்தான், ரெண்டு வழியில ஓடினா அது சுறுசுறுப்பாகும். மிக்சி பிரிக்குற பிள்ளைக்கு இத மாட்டுறது பத்து நிமிச வேலை, சார்ஜரக் கழட்டி, உள்ள பேட்டரி வயரையும் எடுத்துட்டு, சாய்வா நுழைச்சு, ரெண்டு பக்க க்ளிப்பும் டக்குன்னு பிடிக்குற வரைக்கும் அமுக்கணும்.

கொழுந்தன் போன்ல என்கிட்டயே கேட்டாரு, ராம் விலை ஏறிக்கிட்டே போகுதே இப்பமே வாங்கிட்டா லாபம்தானேன்னு. ஏறினது நிசம்தான், 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய அள்ளிக்கிட்டு போறாங்க, நம்மளுக்கு வர்றது குறைஞ்சிட்டு. ஆனா ஏறினாலும் ஒரு 8 ஜிபி குச்சியிலதான ஏறும் அண்ணாச்சி, அதுக்குன்னு இன்னைக்கே லட்ச ரூபா மெஷின தலையில கட்டுறதா? தவணைய நீங்க கட்டுதீங்களான்னு கேட்டேன். சிக்னல் சரியில்லன்னுட்டாரு.

கடைசியில வாசப்படியில நின்னவரு ஒரு வார்த்த கேட்டாரு. "பழசுன்னா பேட்டரி நிக்குமா சார்?" அன்னைக்கு எல்லாரும் கேட்டதுலயே சரியான கேள்வி அதுதான். கடையிலயே விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க, புதுசுல எவ்வளவு பிடிச்சுது, இப்ப எவ்வளவு பிடிக்குதுன்னு ரெண்டு நம்பர் வரும், பாதிக்கு கீழன்னா பேட்டரி மாத்தித் தரச்சொல்லி அதுக்கப்புறம் விலை பேசுங்க. அவங்க விசாரிச்ச கடையில பழசுக்கு சொன்னது 24,000, அக்கா கட்டுற சீட்டுப் பணத்துல வர்றது 35,000. மிச்சத்துல ஒரு பங்கு ரெண்டாவது குச்சிக்கு எடுத்து வைக்கச் சொன்னேன், இன்னொரு பங்குல பையனுக்கு ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும்.