இடைவெளி விரதம்: பதினோரு மணித் தலைவலி

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தினமும் ஒன்றரை ஷிப்ட்; காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். எடை குறைக்கப் பதினாறு மணி நேர விரதம் இருக்கிறேன்: இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் மறுநாள் மதியம் ஒன்றரைக்குத்தான் சோறு. இடையில் டீ மட்டும்தான். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது, அப்புறம் அசையவே இல்லை. பதினோரு மணிக்கெல்லாம் தலைவலி வேறு.

பதில்: அந்த ‘டீ மட்டும்தான்’ விரதத்தை முறித்துவிடுகிறது. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த பேக்கரி டீ ஏறக்குறைய 100 கலோரி. உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். சர்க்கரை போடாத வரக்காப்பி என்றால் பரவாயில்லை.

முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாக இருக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போய்விடும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். உங்கள் தலைவலிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கிளம்பும் முன் அரை லிட்டர், மதியத்துக்குள் இன்னும் முக்கால் லிட்டர் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி பாத்ரூம் போக முடியாதே என்று தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்புதான் வரும்.

எங்களைக் கேட்டால், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டதே தப்பு. பகல் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்கு இது ஒத்துவராது. காலை எட்டுக்கு இரண்டு முட்டையோ கொள்ளுப்பருப்போ சேர்த்துச் சாப்பிடுங்கள். மதியம் வழக்கமான டப்பா. சாயங்காலம் ஆறு மணி டீ டைமில் பப்ஸ், தேங்காய் பன்னை விட்டுவிட்டு, இன்னொரு டப்பாவில் சந்தகையும் தட்டைப்பயறும் கொண்டுபோய் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். பதின்மூன்றரை மணி நேர இடைவெளி கிடைக்கும், அது போதும். சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் வெளியிட்டார்கள்: கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும், அதே கலோரியை எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். பதினாறு மணி நேரம் விரதம் இருக்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். பால்குடி மறக்கட்டும், பார்க்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. காலையில் கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. ‘மத்தியானம் வரைக்கும் எதுவும் வேண்டாம்’ என்று ஆரம்பித்துவிட்டார். (கோபி)

பதில்: இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிப்பிரைடு கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் அது வேலை செய்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்வை, கை நடுக்கம், குழறல் வரும். அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த அபாயம் மிகக் குறைவு. விரதம் இருந்தே தீருவேன் என்றால், முதலில் டாக்டர் மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றட்டும். டாக்டர் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை நோய் மாத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் போடுகிறவர்கள் பட்டினி கிடந்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு தெரிந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.