மகள் டென்னிஸை விட வேண்டாம், ஆலன் ஃபாக்ஸைப் பாருங்கள்

மகள் மாநில அளவில் ஆடுகிறாள், விளையாட்டு உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள், ஆட்டத்தை இப்போதே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அமெரிக்காவின் ஆலன் ஃபாக்ஸ் 1961-இல் கல்லூரிகளுக்கான தேசிய ஒற்றையர் பட்டம் வென்றவர், 1965-இல் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு போட்டியில் சான்டானா, எமர்சன் போன்ற கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்களையே வீழ்த்திப் பட்டம் வாங்கினார். உளவியல் முனைவர் பட்டமும் யுசிஎல்ஏ-வில் (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வாங்கினார். அப்புறம் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் பயிற்சியாளர், பின்னாளில் உலகின் முன்னணி வீரரான பிராட் கில்பர்ட் அங்கே அவரிடம் பயிற்சி பெற்று ஆடியவர். பதற்றம், தோல்வி பயம் பற்றி அவர் பேசும்போது வீரர்கள் காது கொடுக்கக் காரணம், அவரும் அந்த இடத்தில் நின்றவர் என்பதுதான்.

ஆனால் அது அமெச்சூர் காலம், அதாவது டென்னிஸ் முழுநேரத் தொழிலாக மாறாத காலம்; இன்றைய தொழில்முறைச் சுற்றில் படிப்பையும் சேர்த்து இழுப்பது கஷ்டம். அதனால் கல்லூரி அணி போதும். நன்றாக ஆடினால் மட்டும் உளவியலாளர் ஆகிவிட முடியாது, முதுகலை வரையாவது முறையாகப் படித்தே ஆகணும். சரி, இப்போதைக்கு ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் நெருக்கடியான பாயின்ட்டில் மனதில் என்ன ஓடியது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.