அந்தப் பத்து நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 33. ஈரோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை, அக்கா மஸ்கட்டில். வீட்டில் நானும் அம்மாவும்தான். இரண்டு வருஷமாகப் பௌத்தம் படிக்கிறேன். மத்தியூ ரிக்கார் மரபணு விஞ்ஞானி, அஜான் பிரம் கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர், பிக்கு போதி தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எல்லாரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் துறவியாகப் போனவர்கள். நான் வெறும் பி.காம். போன மார்கழியில், ஆபீஸ் ட்ரெயினிங், டவர் கிடைக்காத இடம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போய் வந்தேன். துறவியாகிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். (அந்தச் சமயத்தில் அம்மா வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து, எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வலது கையில் மாவுக்கட்டு போட்டு வந்தாராம். சின்ன அடிதான்.) என் கேள்வி இதுதான்: இவர்களைப் போலப் பெரிய பின்புலம் இல்லாத ஒருவன் இலங்கையில் ஒரு மடாலயத்தில் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போக முடியும்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன விஷயம். நீங்கள் போய் உட்கார்ந்த அந்தப் பத்து நாள் முறையை, அதை இந்தியாவில் பரப்பிய கோயங்காவுக்குக் கற்றுக்கொடுத்த ஊ பா கின் யார் தெரியுமா? பர்மாவில் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1948-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது அதன் முதல் தலைமைக் கணக்காயர் ஆனவர். உங்கள் தொழில்தான். குடும்பஸ்தர், கடைசிவரை துறவியாகவில்லை. தீபா மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டகாங்கில் பிறந்து, சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி பர்மா போய், பெற்ற குழந்தைகளையும் புருஷனையும் பறிகொடுத்து, மிஞ்சிய ஒரே மகளோடு கல்கத்தாவில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு, அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தியானம் சொல்லிக்கொடுத்தவர். தீபா மா என்றால் தீபாவின் அம்மா, அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பெயரோடுதான் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. ஆகவே பி.காம். ஒரு தடையே இல்லை. சரி, இது முடிந்தது.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

பத்திரிகைக்கு எழுதுகிற கடிதத்தில் எதை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களோ அதைத்தான் நான் முதலில் படிப்பேன், பழகிவிட்டது. வலது கையில் மாவுக்கட்டு போட்டது சின்ன அடியா? ஒரு பெண்பிள்ளைக்கு வலது கை கட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? கொண்டை போட முடியாது. புடவைக் கொசுவம் வைக்க முடியாது. குக்கர் மூடியைத் திறக்க முடியாது. மார்கழி மாசம், தெருவெல்லாம் கோலம், உங்கள் வீட்டு வாசல் மட்டும் வெறுமனே. நீங்கள் திரும்பி வரும்வரை அவர் தலையை யார் வாரிவிட்டது? எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 'வந்தாராம்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த 'ஆம்' எனக்கு அடிவயிற்றில் போய்த் தைத்தது.

அதைவிடப் பெரிய விஷயம், டவர் கிடைக்காத இடம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தது. அவசரத்தில் வாய் தவறி வந்த பொய் என்றால் விட்டுவிடலாம். இது அப்படி வந்ததில்லை, கணக்கு எழுதுகிறவர் போட்ட கணக்கு. போன் எடுக்கவில்லை என்று அம்மா பதறக்கூடாது, ஆபீசுக்கு போன் போட்டு விசாரித்துவிடக்கூடாது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொய். அந்த மையத்தில் சேரும்போது விண்ணப்பத்தில் அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று கேட்டிருப்பார்கள். வீட்டில் ஏதாவது ஆனால் குடும்பத்தார் அலுவலகத்துக்குப் பேசலாம், அதற்கு ஏற்பாடு உண்டு. உங்கள் அம்மாவிடம் அந்த நம்பர் இல்லை. அவர் விழுந்து கிடந்தபோது உங்களைக் கூப்பிடவே முடியாமல் செய்தது டவரும் இல்லை, தியானமும் இல்லை. அப்புறம் முதல் நாள் சாயங்காலம் என்ன நடந்தது? போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்து சீலம், அதாவது ஐந்து ஒழுக்க உறுதிமொழி, எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நாலாவது சீலம் என்ன? பொய் சொல்லமாட்டேன் என்பது. அதைச் சொல்லும்போது உங்களுக்கு நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லையா?

சரி, இவர்கள் எல்லாரும் ஒரே நாளில் உதறிவிட்டுப் போனவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கே படித்தீர்கள் அதை? அவர்கள் செய்த வேலையையும் வாங்கிய பட்டத்தையும் தேடிப் படித்திருக்கிறீர்கள், வீட்டில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். ரிக்கார் 1972-ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் பட்ட வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் இமயமலைக்குக் குடிபோனார். அவருடைய அப்பா ழான் பிரான்சுவா ரெவெல் கடவுள் நம்பிக்கை இல்லாத தத்துவ எழுத்தாளர், மகன் விஞ்ஞானத்தை விட்டது அவருக்கு வருத்தம்தான். ஆனால் மகன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியும். பிற்பாடு அப்பாவும் பிள்ளையும் நேபாளத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து வாதம் பண்ணியது 1997-ல் புத்தகமாகவே வந்தது. தாய்லாந்தின் தம்மானந்தா பிக்குணி, அதாவது பெண் துறவி, தம்மசாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகுதான் 2003-ல் இலங்கையில் பிக்குணியானார்.

பிக்கு போதி பெயரைச் சொன்னீர்கள். கண்டி காட்டுக் குடிலில் அவர் யாரோடு பல வருஷம் இருந்தார், யாரைப் பெரியவராக மதித்தார்? ஞானபொனிக தேரரை. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901-ல் பிறந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை, புத்தக வியாபாரத்தில் இருந்தவர். இளவயதிலேயே துறவு ஆசை. ஆனால் அப்பா நோயில் கிடந்து 1932-ல் போய்ச் சேர்ந்தார், தனியாகிவிட்ட அம்மாவை விட்டுப் போக மனசு வரவில்லை, காத்திருந்தார். ஹிட்லர் ஆட்சி வந்த பிறகு அம்மாவை வியன்னாவுக்குக் கூட்டிப்போய் உறவினர்களிடம் சேர்த்துவிட்டு, 1936-ல்தான் இலங்கைக்கு வந்து துறவி ஆனார். அதோடு விட்டாரா? நாஜிகள் ஆஸ்திரியாவையும் பிடித்ததும், காவி உடுத்திய பிறகும், அம்மாவை 1939-ல் இலங்கைக்கே வரவழைத்துவிட்டார். அந்த அம்மாள் கடைசிவரை கொழும்பில் வாழ்ந்தார். துறவி என்றால் இவரல்லவா துறவி!

உங்கள் கோயங்காவும் அப்படித்தான். மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி, பிள்ளைகுட்டிக்காரர். 1969-ல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு எதற்கு வந்தார்? இங்கே அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதற்காகத்தான். பம்பாயில் ஒரு தர்மசாலையில் நடந்த முதல் பத்து நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மொத்தம் 14 பேர், அதில் இரண்டு பேர் அவரைப் பெற்றவர்கள். ஒரு மகன் அம்மாவைப் பார்க்க வந்ததில் இங்கே வேர் பிடித்த வகுப்பில், நீங்கள் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

புத்தரே ராத்திரியில் சொல்லாமல்தானே போனார் என்று நீங்கள் அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், இதுவரை எனக்கு இந்த மாதிரி எழுதியவர்கள் அத்தனை பேரும் அதை எழுதியிருக்கிறார்கள். குதிரை ஏறி நடுராத்திரியில் போன கதை பின்னால் வளர்ந்தது. மஜ்ஜிம நிகாயம் என்ற பழைய பாலி நூலில் அவரே சொல்வதாக வருகிற இடத்தில், பெற்றவர்கள் முகமெல்லாம் கண்ணீராக அழுதுகொண்டிருக்க அவர் தலையை மழித்துக்கொண்டு போகிறார். அழுதார்கள் என்றால் தெரிந்துதானே இருக்கிறது! அப்புறம் அவர் சொந்த ஊரான கபிலவஸ்து திரும்பி வந்து தன் மகன் ராகுலனையும் துறவியாக்கியபோது, அவருடைய அப்பா சுத்தோதனர் நேராகப் போய் நின்றார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பை அறுத்து, மஜ்ஜைவரை போகிறது, இனிமேல் பெற்றவர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள் என்றார். புத்தர் எதிர்வாதம் பண்ணவில்லை. அதை விதியாகவே வைத்துவிட்டார். இன்றைக்கும் ஒருவரை முழுத் துறவியாக்கும் உபசம்பதைச் சடங்கில் நிற்க வைத்துக் கேட்கிறார்கள்: தாய் தந்தை அனுமதி தந்தார்களா? கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா? அங்கே போய் நின்றுகொண்டு என்ன சொல்வீர்கள், டவர் கிடைக்கவில்லை என்றா?

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் அநுராதபுரம் போனாலும் ஒன்றுதான், துபாய் போனாலும் ஒன்றுதான். ஓடிப்போகிறான், அவ்வளவுதான். பழம்பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. அக்கா மஸ்கட்டில் இருக்கிறார் என்று எழுதினீர்களே, அவருக்காவது இந்த முடிவு தெரியுமா? அவரும் இல்லை, நீங்களும் இல்லை என்றால் அடுத்த மார்கழிக்கு அந்த வாசலைத் தெளிப்பது யார்?

துறவு பற்றி இப்போதைக்கு என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். இன்றைக்கு வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போங்கள். அம்மா காபி கொண்டுவந்து வைப்பார், டம்ளரை எந்தக் கையில் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். உட்கார வைத்து, அந்தப் பத்து நாளும் எங்கே இருந்தேன் என்று சொல்லுங்கள். திட்டுவார். ஒருவேளை, அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நானே மாவடு போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பேனே என்பார். அழுதாலும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடாதீர்கள்.

அப்புறம், எதிர்வீட்டு அக்காவிடம் போங்கள். ஆட்டோ, எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மாத்திரை எல்லாம் அன்றைக்கு அவர் கைக்காசுதான் போயிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தீர்களா?