பைக்கின் இக்னிஷன் சுவிட்சை மாற்றினால் டேங்க் மூடிக்கும் சீட்டுக்கும் பழைய சாவியையே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு முன் உங்கள் சுவிட்ச் உண்மையிலேயே முழுதாக மாற்றப்பட வேண்டியதுதானா என்று பார்த்துவிடுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் விட்டுவிட்டுப் போகிறது, சாவியை லேசாக ஆட்டினால் திரும்ப வருகிறது, மெக்கானிக்கோ லாக் செட்டையே மாற்றிவிடலாம் என்கிறார் என்ற நிலையில்தான் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இக்னிஷன் சுவிட்ச் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. மேலே இருப்பது சாவி நுழைகிற பூட்டு. அடியில் இருப்பது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற கான்டாக்ட் பகுதி. சாவி திரும்ப மறுத்தாலோ, ஆன் நிலையில் இருக்கும்போதே கையோடு வந்துவிட்டாலோ பழுது பூட்டில் இருக்கிறது. சாவி ஒழுங்காகத் திரும்பியும் விளக்கு மங்கி எஞ்சின் அணைகிறது என்றால், பெரும்பாலும் பழுது கான்டாக்டில் இருக்கும், அல்லது ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிற வயருக்குள் இருக்கும். சுவிட்சின் கப்ளரை, அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் இடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். தொடர்பு அறுபட்டால் வயரைப் பாருங்கள். சாவியை ஆட்டும்போது மட்டும் அறுபட்டால் கான்டாக்டைப் பாருங்கள். பல பைக்குகளில் இந்த அடிப்பகுதி ஓரிரு ஸ்குருவிலோ பிளாஸ்டிக் கொக்கியிலோதான் பூட்டோடு இணைந்திருக்கிறது. அது தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். பூட்டும் இருந்தபடி இருக்கும், சாவியும் இருந்தபடி இருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அப்பாவின் வண்டி. நான் ஊரில் இல்லாத நேரத்தில் அவருக்கும் இதே தொல்லை வந்தது. பட்டறையில் சுவிட்சை முழுதாக மாற்றி, இனி வண்டிக்கு ஒரு சாவி, டேங்குக்கும் சீட்டுக்கும் ஒரு சாவி என்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்புத் தலை. கண்புரை தொடங்கியிருந்த அப்பா, பெட்ரோல் போடும் இடத்தில் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க எந்தச் சாவி என்று தடவிக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். ஒரு சாவிதானே அதிகம் என்று சொல்பவர்கள் வயதானவர்களை மனத்தில் வைத்துப் பேசுவதில்லை.

கழற்றிய பழைய சுவிட்சை அப்பா வாங்கி வைத்திருந்தார். திறந்து பார்த்தபோது பூட்டில் ஒரு குறையும் இல்லை. பழைய சாவி அதில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடியில் செம்புப் புள்ளிகள் கருகி, அவற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர் ஹெட்லைட்டில் 100/90 வாட் (ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90) பல்பு போட்டிருந்தார். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். பெரிய மின்னோட்டத்தைத் தனியாகத் தாங்கிக்கொள்ளும் ரிலே வைக்காமல் அவ்வளவும் சுவிட்ச் வழியாகவே போனால் கான்டாக்ட் சூடேறிக் கருகத்தான் செய்யும். பல்பை மாற்றாமல் சுவிட்சை மட்டும் மாற்றியிருந்ததால் புதியதும் அதே வழியில் போயிருக்கும். அடிப்பகுதியை மட்டும் மாற்றிப் பழைய பூட்டையே திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திருட்டைத் தடுப்பதற்காக, முடுக்கியதும் தலை உடைந்துவிடுகிற போல்ட் போட்டிருந்த அந்தப் பூட்டை உளி வைத்து அடித்துக் கழற்றியதில் போல்ட் நுழையும் அதன் காது உடைந்துபோயிருந்தது.

எனவே புதிய பூட்டின் உள்ளே இருப்பதை மாற்றினேன். இத்தகைய பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுரத் துளை, பக்கத்தில் ஒரு சிறு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்புக்குச் சமமாக அடங்கிவிடும். ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் உருளை திரும்பாது. துளையின் உயரத்தைக் குறிக்கும் எண் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பழைய உருளையின் தகடுகளை அதே வரிசையில் புதிய உருளைக்கு மாற்றினேன். ஸ்பிரிங்குகள் கண்ணில் படாமல் தெறித்துவிடும் என்பதால் கைகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டே செய்தேன். ஒரே ஒரு தகடு விளிம்பில் நகக்கணு அளவுக்குக்கூட இல்லாமல் மயிரிழை துருத்தியது. நீண்ட நாள் தேய்மானத்தில் அதன் துளை அகன்றிருந்தது. புதிய பூட்டில் இருந்து கழற்றியவற்றில் அதே எண்ணுள்ள தகடு இருந்ததால் அதைப் போட்டதும் சமமாகிவிட்டது. அப்பாவின் பழைய சாவி மூன்று பூட்டிலும் திரும்பியது.

தகட்டை அரத்தால் ராவிச் சமப்படுத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சாவி செய்பவர்கள் சிலர் அப்படிச் செய்வதும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன், ஏனென்றால் ராவிய தகடு வேறு சாவிக்கும் இடம் கொடுத்துவிடும். இதையெல்லாம் பொதுவில் எழுதுவது திருடனுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த வேலைக்குப் பூட்டைக் கழற்றி மேசையில் வைத்திருக்க வேண்டும், அசல் சாவியும் கையில் இருக்க வேண்டும். திருடனிடம் இரண்டும் இருப்பதில்லை.

நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால், புதிய சுவிட்சையும் பழைய சாவியையும் பூட்டு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, புதிய பூட்டைப் பழைய சாவிக்குப் பொருத்தச் சொல்லுங்கள். பழைய சாவி, புதிய சாவி இரண்டிலும் நீளவாக்கில் ஓடும் பள்ளக்கோடு ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் சாவி உள்ளேயே நுழையாது. சாவித் தலையில் சிப் உள்ள வண்டியாக இருந்தால் பழைய சாவியைக் காப்பாற்றுவதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது: பூட்டைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பைப் படித்தால்தான் எஞ்சின் ஓடும். புதிய சாவி பூட்டைத் திறந்தாலும், பதிவு செய்யாத வரை வண்டி கிளம்பாது.

வாங்கும்போது கப்ளர் பொருந்துகிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். பேட்டரியை நம்பாமல், எஞ்சின் சுழலும்போது உண்டாகும் மின்சாரத்திலேயே தீப்பொறி தருகிற ஏ.சி. சி.டி.ஐ. வகை வண்டிகளில் சாவியை அணைக்கும்போது ஒரு வயர் வண்டியின் உலோக உடம்போடு இணைந்து தீப்பொறியை நிறுத்தும். அந்த இணைப்பு இல்லாத சுவிட்சைப் போட்டால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிடுங்கள்.

வண்டி புதிதாக வந்தபோது சாவியோடு ஒரு சிறு எண் தகடும் வந்திருந்தால் அதைத் தேடி எடுத்து, எண்ணை வேறொரு இடத்திலும் எழுதி வையுங்கள். அது சாவியின் வெட்டைக் குறிக்கும் எண். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டும் டூப்ளிகேட் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். எண்ணை வைத்து வெட்டினால்தான் அசல் அளவு கிடைக்கும்.