தொழிற்சாலைங்க பெருகிட்டு வர்ற நகரத்துல ஷெட் இப்பவே வாடகைக்கு எடுக்கலாமா, இல்ல வாடகை குறையுற வரைக்கும் காத்திருக்கலாமா?

சின்ன மெஷின் ஷாப், மோல்டிங் யூனிட் நடத்துறவங்களுக்கு இடம் தேடிக் குடுக்குறதுதான் என் வேலை, அதனால அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன். உங்களுக்கு வேண்டியது 10,000, 15,000 சதுர அடின்னா காத்திருக்காதீங்க. 2 லட்சம் சதுர அடி தேடுறீங்கன்னா காத்திருக்கலாம், பேரம் பேச உங்களுக்கு நேரம் வரும்.

ரிப்போர்ட்ல "நகரத்துல இத்தனை சதவீதம் காலி"ன்னு ஒரே நம்பர் போடுவாங்க, அதை நம்பி முடிவெடுக்கவே கூடாது. பெரிய கம்பெனி ஒண்ணு வருதுன்னு நியூஸ் வந்ததும் எல்லா பில்டரும் ஒரே நேரத்துல பெரிய பெரிய குடோனா ஆரம்பிப்பாங்க, அப்ரூவல் வாங்கி கட்டி முடிக்க ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஆகும், எல்லாம் ஒண்ணா மார்க்கெட்டுக்கு வரும்போது டிமாண்ட் ஆறிப்போயிருக்கும். அமெரிக்காவுல இதேதான் நடந்துச்சு, 2022ல 4 சதவீதத்துக்கும் கீழ இருந்த காலி இடம் 2024ல 6 சதவீதத்தைத் தாண்டிடுச்சு, ஆனா சின்ன ஷெட்டுங்கள்ல அந்த அளவுக்கு ஏறவே இல்ல. ஏன்னா சின்னதை யாரும் புதுசா கட்ட விரும்புறதில்ல. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி சுவர், தனி டாய்லெட், தனி பேனல், தனி ஷட்டர் வேணும், சதுர அடிக்கு செலவு கூடுது, பேங்கும் இருபது சின்ன வாடகைதாரரை விட ஒரு பெரிய கம்பெனி கையெழுத்தைத்தான் மதிக்குது.

அறிவிப்பை மட்டும் நம்பி நிலம் வாங்குறதும் வேண்டாம். மெக்சிகோவுல மான்டெர்ரே பக்கத்துல டெஸ்லா ஃபேக்டரி வருதுன்னு 2023 மார்ச்ல சொன்னாங்க, 2024 ஜூலைல நிறுத்தி வச்சிருக்கோம்னு எலான் மஸ்க்கே சொல்லிட்டாரு. அந்த ஊர்ல 2022ல குழாய்ல தண்ணியே வராத அளவுக்குப் பஞ்சம் வந்ததையும் சேர்த்துப் பாருங்க. கட்டடம் எவ்வளவு வேணா எழுப்பிடலாம், தண்ணியும் கரண்டும் அந்த வேகத்துக்கு வராது.

கரண்டு விஷயம்தான் என்னை ரொம்பக் கவலைப்பட வைக்குது. காலியா இருக்குன்னு காட்டுற ஷெட்ல நிறைய குடோனுக்காகக் கட்டுனது, லைட்டும் ஃபோர்க்லிஃப்ட் சார்ஜரும் ஓடுற அளவுக்குத்தான் லோடு, அதாவது இழுக்க அனுமதி இருக்குற கரண்டு அளவு, வாங்கியிருப்பாங்க. நாலு மோல்டிங் மெஷின், ஒரு கம்ப்ரஸர், ஒரு சில்லர் (மெஷினைக் குளிர வைக்கிறது) போட்டா அது தாங்காது. லோடு கூட்டலாமேன்னு ஓனர் ஈஸியா சொல்லுவாரு, ஆனா சப்ஸ்டேஷன்லயே கெப்பாசிட்டி இல்லன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. 2021க்கு அப்புறம் பல நாடுகள்ல பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர் போட்டா 2 வருஷத்துக்கு மேல காத்திருக்க வேண்டியிருக்கு. அதனால வாடகை பேசுறதுக்கு முன்னாடி, சாங்ஷன் ஆன லோடு எவ்வளவுன்னு லேட்டஸ்ட் கரண்டு பில்லை வாங்கிப் பாருங்க, புரோக்கர் வாய்ல சொல்றது கணக்குல சேராது.

கிரேன் வேணும்னா உயரம் மட்டும் பாத்தா பத்தாது. தூண் அந்த பாரத்துக்கு டிசைன் பண்ணதான்னு டிராயிங் கேளுங்க, சாதா குடோன் தூண்ல பிறகு கிரேன் ஏத்துறது ஆபத்து. பிரஸ் மாதிரி தகடை அழுத்துற கனமான மெஷின் போடுறவங்க தரையை வெட்டி ஃபவுண்டேஷன் போட அக்ரிமென்ட்ல அனுமதி எழுதி வாங்கணும்.

லோடு இன்னும் வரலன்னாலும் இடம் பிடிச்சிருக்குன்னா, சாவி வாங்குற தேதியில இருந்து இல்லாம, முழு லோடு கனெக்‌ஷன் கிடைக்கிற தேதியில இருந்துதான் வாடகை ஆரம்பிக்கும்னு எழுதச் சொல்லுங்க, லாக்-இன் காலமும், அதாவது நடுவுல காலி பண்ண முடியாத காலமும், அன்னைலேர்ந்தே எண்ணணும். குறிப்பிட்ட தேதிக்குள்ள கனெக்‌ஷன் வரலன்னா அட்வான்ஸ் முழுசா திரும்ப வரணும்னு ஒரு வரி சேருங்க. அதுக்கு ஓனர் ஒத்துக்கலன்னா லோடு வரும்கிற நம்பிக்கை அவருக்கே இல்லன்னு எடுத்துக்கிட்டு அடுத்த இடம் பாருங்க.