ஃபண்டை அடமானம் வைக்கலாமா, வித்துடலாமா?

கேள்வி: மாடி கட்டுறோம், 4 லட்சம் குறையுது. மியூச்சுவல் ஃபண்டுல (எல்லாம் ஷேர்ல போடுற ஈக்விட்டி ஃபண்டு, மாசா மாசம் சிப்ல போட்டது) 12 லட்சம் இருக்கு, அதுல 7 லட்சம் நான் போட்டது. வித்தா டாக்ஸ் போயிடும், அடமானம் வெச்சு லோன் எடு, 10.5% தான் வட்டினு என் தம்பி சொல்றான். ஒன்றரை வருஷத்துல சீட்டு பணம் வரும், அடைச்சிடலாம். எடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தம்பி டாக்ஸை மட்டும் பாத்து பயப்படுறாருங்க. கணக்கு போட்டு பாத்துடுவோம்.

4 லட்சத்துக்கு 10.5%னா வருஷத்துக்கு 42,000, ஒன்றரை வருஷத்துக்கு 63,000. இதுக்கு மேல ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு 18% ஜிஎஸ்டி, சில இடத்துல வருஷா வருஷம் ரின்யூவல் சார்ஜ்னு தனியா புடுங்குவாங்க, விளம்பரத்துல வட்டி மட்டும் தான் பெருசா இருக்கும். இப்ப விக்கிற கணக்கு. சிப்ல முதல்ல வாங்கின யூனிட் தான் முதல்ல போகும், அதுல லாபம் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால 4 லட்சத்துல 2.25 லட்சம் லாபம்னே வெச்சுக்குவோம். ஒரு வருஷம் தாண்டின யூனிட்டுக்கு வருஷத்துல 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, மிச்சம் 1 லட்சத்துக்கு 12.5%, செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) சேர்த்து 13,000. மார்ச்சுல பாதி ஏப்ரல்ல பாதினு வித்தா ரெண்டு நிதியாண்டு ஆயிடும், அந்த 13,000 கூட வராது.

ஆனா ஃபண்டு வளருமே, 12% வந்தா வட்டியை விட ஜாஸ்தி தானேன்னு கேப்பீங்க. வரலாம், வராமலும் போகலாம், வட்டி மட்டும் மாசா மாசம் கரெக்டா வந்துடும். ஈக்விட்டி ஃபண்டுக்கு பொதுவா மதிப்புல 50% வரைக்கும் தான் குடுப்பாங்க, உங்களுக்கு 6 லட்சம். 2020 ஜனவரி நடுவுல 12,300க்கு மேல இருந்த ஷேர் மார்க்கெட் குறியீடு நிஃப்டி மார்ச் 23 அன்னிக்கு 7,610ல முடிஞ்சுது, 38% இறக்கம். அப்படி ஒண்ணு வந்தா உங்க 12 லட்சம் 7.44 லட்சம் ஆகும், கடன் லிமிட் 3.72 லட்சத்துக்கு இறங்கும், நீங்க எடுத்த 4 லட்சத்துல அதுக்கு மேல இருக்கிற 28,000 உடனே கட்டுனு மெசேஜ் வரும், கட்டலன்னா அவங்களே அடிமட்ட விலையில வித்துடுவாங்க. 6 லட்சத்தையும் எடுத்திருந்தா இதுக்கு 38% எல்லாம் தேவையே இல்ல, சின்ன இறக்கமே போதும்.

ஒரு நாலு மாசத்துல நிச்சயம் பணம் வரும்னா நானே லோன் எடுங்கன்னு சொல்லிருப்பேன், வட்டி 14,000 தான், பர்சனல் லோனை விட தேவலாம். ஒன்றரை வருஷத்துக்கு வேணாம். வித்துடுங்க, சீட்டு பணம் வந்ததும் திரும்ப ஃபண்டுல போடுங்க.

கேள்வி: ஃபண்டு மேல ஓவர்டிராஃப்ட் (வேணும்போது வேணுங்கிற அளவு எடுத்துக்கிற கடன்) வாங்கி எமர்ஜென்சிக்கு சும்மா வெச்சிருந்தா வட்டி வருமா? சிப் நிக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது, எடுத்த தொகைக்கு எத்தனை நாளோ அத்தனை நாளைக்கு தான். சிப் பாட்டுக்கு ஓடும். ஆனா லீன் (அடமானப் பிடி) போட்ட யூனிட்டை அவங்க ரிலீஸ் பண்ற வரைக்கும் நீங்க விக்க முடியாது, அதனால எல்லாத்தையும் அடமானம் வைக்காம தேவையான அளவு மட்டும் வைங்க. இஎல்எஸ்எஸ் (வரி சேமிக்கிற ஃபண்டு) யூனிட்னா 3 வருஷ லாக்-இன் (விக்க முடியாத காலம்) முடியாம ஏத்துக்க மாட்டாங்க.