காலும் கண்ணும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான், பள்ளியின் சாஃப்ட்பால் குழுவில் இருக்கிறான். நியூயார்க்கில் இரவு ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஏழு. அதனால் சனி, ஞாயிறுகளில் பசியாறும்போதே அமெரிக்க பேஸ்பாலைத் திறந்து வைத்துவிடுவான். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் பாபி விட் ஜூனியர் என்றால் அவனுக்கு உயிர். “அடிக்கிறார், ஓடுகிறார், பிடிக்கிறார், எறிகிறார். அந்தக் காலத்து பேஸ்பால் ஜாம்பவான் வில்லி மேஸுக்கு அடுத்து இவர்தான்” என்கிறான். இப்படி எல்லாம் கைவந்த ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று எதை வைத்துக் கணிப்பது?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் மிகைப்படுத்தவில்லை. ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்கள் ஐந்து திறமைகளுக்கு மதிப்பெண் போடுவார்கள்: சீராக அடிப்பது, தூரமாக அடிப்பது, ஓட்டம், பிடிப்பது, எறிவது. 20இல் தொடங்கி 80 வரை, 50 என்றால் சராசரி. விட் 2024இல் .332 சராசரியில் அடித்தார், அதாவது ஏறக்குறைய மூன்று வாய்ப்புக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டுவது). 32 ஹோம்ரன் (பந்தைத் திடலுக்கு வெளியே அடிப்பது), 31 முறை பேஸ் திருடினார் (பந்தை எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). தடுப்பாட்டத்துக்குத் தங்கக் கையுறை விருதும் வாங்கினார்.

ஆனால் ஐந்தையும் கூட்டிப் போட்டு எதிர்காலம் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. ஐந்துக்கும் ஒரே மாதிரி வயதாவதில்லை. முதலில் போவது கால். இன்னொரு நட்சத்திர ஆட்டக்காரர் மைக் ட்ரவுட்டைப் பாருங்கள். 2012இல், முதல் முழு ஆண்டிலேயே 49 பேஸ் திருடினார். பத்து வருடம் கழித்து, 2022இல், ஒன்றே ஒன்று. அதே ஆண்டு 119 ஆட்டங்களில் 40 ஹோம்ரன் அடித்திருக்கிறார். கால் போன பிறகும் அவரைத் தாங்கியது கையும் கண்ணும்தான்.

அந்தக் கண்ணுக்கு ஸ்கவுட்களின் பழைய ஐந்தில் தனி இடமே இல்லை. எனக்கு அது புரிந்தது பினாங்கில், பள்ளித் திடலில். எங்கள் சாஃப்ட்பால் ஆசிரியர் ஒருநாள் மட்டையைத் தோளிலேயே வைத்திருக்கச் சொன்னார். அடிக்கக் கூடாது. பந்து வரும்போதே, அடிக்கத் தகுந்ததா என்று பார்த்து, ‘நல்லது’, ‘கெட்டது’ என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். பந்து பிடிப்பவளின் கையுறையில் ‘டப்’ என்று விழுந்த பிறகுதான் என் வாய் திறந்தது. பத்துப் பந்துக்கும் அப்படியே. குழுவில் ஆகத் தூரமாக அடிப்பவள் நான்! அன்று மாலை முழுக்க என் காது சூடாகவே இருந்தது.

பெரிய ஆட்டத்தில் பிட்சர், அதாவது பந்து எறிபவர், நிற்பது 18.44 மீட்டர் தள்ளி. பந்து அரை வினாடிக்குள் வந்துவிடும். அதற்குள் விடுவதா அடிப்பதா என்று தெரிந்தாக வேண்டும். வில்லி மேஸ் 1951இல் வந்த புதிதில் முதல் 26 வாய்ப்புகளில் ஒரே ஒரு ஹிட்தான் அடித்தார், அது ஹோம்ரன். அதை மட்டும் பார்த்தவர்கள் கைகழுவியிருப்பார்கள். அதே மேஸ் 1971இல், 40 வயதில், 112 முறை கெட்ட பந்துகளை விட்டே முதல் பேஸுக்கு நடந்து போனார். அந்த ஆண்டு, அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அதுதான் ஆக அதிகம்.

இப்போது விட்டுக்கு வருவோம். அவருடைய ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஆட்டமிழப்பது) 2022இல் 135, அடுத்த ஆண்டு 121, 2024இல் 106. ஹோம்ரன் கணக்கைவிட எனக்கு நம்பிக்கை தருவது இந்த இறக்கம்தான். அப்புறம், ஆளும் ஆட்டத்துக்கு வருகிறார். 2024இல் மொத்தம் 162 ஆட்டங்களில் 161 ஆடினார். ட்ரவுட் அதே ஆண்டு முழங்கால் காயத்தால் 29 ஆட்டத்தோடு நின்றுவிட்டார், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. காயத்தை யாரும் கணிக்க முடியாது. அது நீங்கலாக, உங்கள் மகன் பக்கம்தான் நான்.

சரி, வரும் சனிக்கிழமை நீங்களும் அவன் பக்கத்தில் உட்காருங்கள். விட் மட்டையைப் பிடித்து நிற்கும்போது, அவர் அடிக்காமல் விடுகிற பந்துகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். எத்தனை என்று எனக்கும் எழுதுங்கள்.